கணக்கு எழுதும் தொழில்: சம்பள வேலையை விடாமல் சொந்த ஆபீஸ் வரை

பி.காம் முடித்துவிட்டு வருபவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, தனியாக ஜிஎஸ்டி ஃபைலிங் எடுத்துச் செய்யலாமா, இல்லை ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடட்டுமா?" இரண்டையும் ஏன் செய்யக்கூடாது என்று நான் திருப்பிக் கேட்பேன். 2014-ல் திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் 6,000 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். நடுவில் குழந்தைக்காக ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். அப்புறம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டே, வெளியே ஒரு கடை, இரண்டு கடை என்று சேர்த்தேன். 2023 ஜனவரியில் கம்பெனி வேலையை விட்டபோது கையில் 19 பார்ட்டி இருந்தது. பார்ட்டி என்றால் நாம் கணக்கு எழுதிக் கொடுக்கும் வாடிக்கையாளர். விட்ட மாதமும் வீட்டு வாடகை தடையில்லாமல் போனது.

இந்தத் தொழிலில் இப்படிச் செய்ய முடிவதற்குக் காரணம், வேலை தேதி வைத்து வருகிறது என்பதுதான். மளிகைக் கடை வைத்தால் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை கடையில் உட்கார வேண்டும். அந்த மளிகைக் கடைக்குக் கணக்கு எழுதுபவருக்கு மாதத்தில் சில நாட்கள்தான் அங்கே வேலை. எந்த நாட்கள் என்று முன்கூட்டியே தெரியும். இதைப் புரிந்துகொண்டால் மீதியைத் திட்டம் போட்டுக்கொள்ளலாம்.

முதல் வருடம்: பில் பை

முதலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கம்பெனியில் மூன்று வருடம் உட்கார்ந்தால் ஒரே ஒரு வியாபாரத்தின் கணக்கைத்தான் பார்ப்பீர்கள். ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மாதத்தில் நூல் கடை, ஹோட்டல், டாக்டர், லாரி ஓனர், ஜாப் ஒர்க் யூனிட் என்று இருபது விதமான கணக்கு கைக்கு வரும்.

முதல் நாள் உங்களிடம் ஒரு மஞ்சப்பையைக் கொடுப்பார்கள். அதற்குள் ஒரு மாதத்து பர்ச்சேஸ் பில், கரன்ட் பில், டீக்கடைச் சீட்டு, கிழிந்த லாரி ரசீது எல்லாம் கலந்து கிடக்கும். அதைப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கி, டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றுவதுதான் வேலை. சலிப்பாக இருக்கும். ஆனால் இந்தத் தொழிலின் அடித்தளமே அந்தப் பைதான். பில்லைக் கையில் எடுத்ததும் யார் பெயருக்கு, எந்த ஜிஎஸ்டி நம்பருக்கு, எத்தனை சதவீதம் என்று கண் தானாகத் தேடிப் போகும் வரை விடாதீர்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சின்ன பனியன் கம்பெனி 3,60,000 ரூபாய்க்கு நூல் வாங்கியது. வரி 5 சதவீதம், ஆக 18,000 ரூபாய். நூல் விற்றவர் அந்த மாத விற்பனையை மறுமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனை ரிட்டர்னில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் 14-ஆம் தேதி வாக்கில், வாங்கியவரின் 2பி அறிக்கையில் அது வந்து உட்காரும். வந்தால்தான் அந்த 18,000-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியிலிருந்து, கழித்துக்கொள்ள முடியும். அந்த மாதம் 2பி-யில் அந்த பில் இல்லை. நூல் கடைக்குப் போன் போட்டால், "ஏத்தியாச்சுங்க, நல்லாப் பாருங்க" என்கிறார்கள். இரண்டு நாள் தேடிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த பனியன் கம்பெனிக்காரரின் தம்பியும் அதே காம்பவுண்டில், கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு கம்பெனி வைத்திருந்தார். பில் தம்பியின் நம்பரில் ஏறியிருந்தது. நூல் கடைக்காரர் அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-ல் திருத்தம் போட்டார், 18,000 திரும்பி வந்தது. ஓனர் எங்கள் சீனியரிடம், "அந்தப் பொண்ணு கெட்டிங்க" என்று சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் எனக்கு நாலு பார்ட்டியைக் கொண்டுவந்தது.

கற்றுக்கொள்ளும் வரிசையைப் பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். பில் ஏற்றுவது, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்ப்பது, ஜிஎஸ்டி, அப்புறம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி), கடைசியாக வருடக் கணக்கை முடிப்பது. இந்த வரிசையில் போங்கள். பேங்க் ஒத்துப் பார்ப்பதைத் தாண்டிக் குதித்து ஜிஎஸ்டிக்குப் போகிறவர்கள்தான், பிறகு மார்ச் மாதத்தில் நாலு லட்சம் எங்கே போனது என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

டேலியைக் காசில்லாமல் பழகுவது

டேலி கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், டேலி பிரைமை இறக்கிக்கொண்டு எஜுகேஷன் மோடில் திறந்து பாருங்கள். லைசென்ஸ் வேண்டாம். ஒரே கட்டுப்பாடு, எல்லாத் தேதியிலும் பதிவு போட முடியாது. மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில்தான் போடலாம். பழகுவதற்கு அது போதும். உங்கள் வீட்டுச் செலவையே ஒரு கம்பெனியாக வைத்து மூன்று மாதம் எழுதுங்கள். அப்பாவின் சம்பளம் ரிசீப்ட், மளிகை பேமென்ட், ஏடிஎம்-ல் எடுத்தது கான்ட்ரா, அதாவது நம் பணமே பேங்க்கிலிருந்து கைக்கு மாறுவது. கான்ட்ராவையும் பேமென்ட்டையும் குழப்பாமல் போட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று.

தப்பாகப் போட்ட வவுச்சரை, அதாவது டேலிப் பதிவை, சத்தமில்லாமல் அழித்துவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். 2023 ஏப்ரல் 1-லிருந்து, பிரைவேட் லிமிடெட் உட்படக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வருகிற எல்லாக் கம்பெனிகளும் எடிட் லாக் உள்ள சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது அதில் நிற்கும்.

பக்கம் மாறிப் பாருங்கள்

ஒன்றரை, இரண்டு வருடம் ஆனதும் ஒரு கம்பெனிக்கு மாறுங்கள். சம்பளம் கூடும் என்பது ஒரு காரணம். அதைவிட, ஆடிட்டர் ஆபீஸில் நடந்து முடிந்த கணக்கைத்தான் பார்க்கிறோம்; கம்பெனியில் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பார்க்கலாம். ஸ்டாக்கைக் காட்டி பேங்க்கில் கேஷ் கிரெடிட் கடன் வைத்திருக்கும் கம்பெனி மாதாமாதம் பேங்க்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். அந்த ஸ்டாக்குக்கும் டேலியில் இருக்கும் ஸ்டாக்குக்கும் சம்பந்தமே இல்லாமல் போகும்போது மேனேஜர் போன் போடுவார். அந்தப் போனை ஒருமுறை எடுத்துப் பேசினால் வருகிற தெளிவு எந்த வகுப்பிலும் கிடைக்காது. பிஎஃப், ஈஎஸ்ஐ இரண்டையும் 15-ஆம் தேதிக்குள் கட்டுவது, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத்தான் ஈஎஸ்ஐ என்பது, சரக்கு கிளம்பும் முன் வண்டியோடு போக வேண்டிய இ-வே பில் போடுவது எல்லாம் இங்கேதான் கைக்கு வரும். சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம், வெளி மாநிலத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்ற கணக்கை லோடுமேன் வரை எல்லோரும் உங்களிடம்தான் கேட்பார்கள்.

சேரும்போதே, வெளியில் ஒன்றிரண்டு கடைக்குக் கணக்கு எழுதுவேன் என்று ஓனரிடம் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்கிற கம்பெனியும் உண்டு. பின்னால் தெரிந்து மனக்கசப்பு வருவதற்கு முன்னாலேயே சொல்வது மேல். அதேபோல், பழைய ஆடிட்டர் ஆபீஸின் பார்ட்டிகளை இழுக்க வேண்டாம். ஊர் சின்னது.

முதல் கடையைத் தேதி பார்த்துப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

மாதக் கணக்கு உள்ள பார்ட்டி ஒருவர் என்றால் 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் வரியைக் கணக்குப் போட்டுக் கட்டும் 3பி ரிட்டர்ன். உங்கள் கம்பெனிக்கும் இதே தேதிகள்தான். ஆரம்பத்திலேயே இப்படி மூன்று பார்ட்டியை எடுத்தால், 20-ஆம் தேதி உங்கள் கம்பெனி வேலையும் கெடும், பார்ட்டிகளின் வேலையும் கெடும். ஆர்வத்தில் ஐந்து பேரை ஒரேயடியாக எடுத்து, நாலாவது மாதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் காம்பொசிஷன் கடைகளைத் தேடுங்கள். வருட விற்பனை ஒன்றரைக் கோடி வரை உள்ள, வெளி மாநிலத்துக்கு விற்காத கடைகள் இந்தத் திட்டத்தில் இருக்கலாம். வியாபாரிக்கு விற்பனையில் 1 சதவீதம்தான் வரி. வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக்கூடாது, உள்ளீட்டு வரியும் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டு முடிந்த மறுமாதம் 18-ஆம் தேதிக்குள் சிஎம்பி-08 படிவம் போட்டு வரியைக் கட்ட வேண்டும். வருடத்துக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4 ரிட்டர்ன். அவ்வளவுதான். என் முதல் பார்ட்டி எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடை, 2019-ல். மூன்று மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி ஆறுவதற்குள் ஒரு மாத பில்லை ஏற்றிவிடுவேன். அந்தக் கடைக்காரர் பில்லில் பழக்கதோஷத்தில் ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தவைத்து, ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டாத 'பில் ஆஃப் சப்ளை' என்று புது புக் அடிக்கவைத்ததுதான் நான் செய்த முதல் உருப்படியான காரியம்.

அடுத்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் பார்ட்டிகள். விற்பனை ஐந்து கோடி வரை உள்ளவர்களுக்கு 2021 ஜனவரியிலிருந்து இந்த வசதி இருக்கிறது. முதல் இரண்டு மாதமும் 25-ஆம் தேதிக்குள் சல்லான் போட்டு வரியை மட்டும் கட்டினால் போதும். காலாண்டு 3பி-க்குத் தமிழ்நாட்டில் 22-ஆம் தேதி வரை நேரம் உண்டு. கவனியுங்கள், 25-ம் 22-ம் உங்கள் கம்பெனியின் 20-ஐத் தாண்டி வருகின்றன. சம்பள வேலையில் இருப்பவருக்கு இதைவிட வசதியான வகை இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இவர்களிடம் வாங்குபவர்கள் மாதாமாதம் 2பி-யில் பில்லை எதிர்பார்ப்பார்கள். அப்படி இருந்தால் முதல் இரண்டு மாத பில்களையும் 13-ஆம் தேதிக்குள் தனியாக ஏற்றிவிடும் வழி இருக்கிறது, அதைச் செய்து கொடுங்கள்.

மாத ரிட்டர்ன் பார்ட்டிகளைக் கடைசியாக எடுங்கள். நான் கம்பெனியில் இருந்தவரை அந்த வகையில் மூன்று பேருக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை.

ஓடிபி

ஒரு தை மாதம். மாத ரிட்டர்ன் பார்ட்டி ஒருவருக்கு 3பி-யை முழுசாகத் தயார் செய்து, 20-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு ஃபைல் செய்ய உட்கார்ந்தேன். ஓடிபி ஓனரின் போனுக்குப் போகும். ஓனர் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தார். போன் ஸ்விட்ச் ஆஃப். அவர் வீட்டம்மா, "சார்ஜ் இல்லாம இருக்கும் கண்ணு, தாராபுரம் தாண்டியிருப்பாரு" என்றார். 22-ஆம் தேதிதான் ஃபைல் ஆனது. லேட் ஃபீ நாளைக்கு 50 வீதம் நூறு ரூபாய். அதை என் கையிலிருந்து கொடுத்தேன். நூறு ரூபாய் பெரிதில்லை. மொட்டையடித்துக்கொண்டு பஞ்சாமிர்தத்தோடு வந்த மனிதரிடம் லேட் ஃபீ கதையைச் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் பெரிது.

அதிலிருந்து எனக்குக் கடைசித் தேதி 17. பார்ட்டியை எடுக்கும்போதே ஓடிபி யார் போனுக்கு வரும், அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். வரிப் பணத்தை என் அக்கவுண்ட்டில் வாங்கிக் கட்டுவதில்லை. சல்லானை அனுப்புவேன், அவர்களே கட்டட்டும். இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள், சொந்த மாமாவாக இருந்தாலும்.

ஃபீஸ்

"ஏங் கண்ணு, நாலு பட்டனைத் தட்டறதுக்கு ஐநூறு ரூவாயா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கோபப்படாதீர்கள். அவர் பார்ப்பது பட்டனைத் தட்டும் ஐந்து நிமிடத்தை மட்டும்தான். நான் செய்தது இது: ஒரு மாத பில்லை அவர் கண் முன்னாலேயே எண்ணிக் காட்டினேன். 140 பில். ஃபீஸை விற்பனைத் தொகை வைத்துப் பேசாமல் பில் எண்ணிக்கையை வைத்துப் பேசுங்கள். ஒரு கோடிக்கு விற்கும் நூல் கமிஷன்காரருக்கு மாதம் பத்து பில் இருக்கும். இருபது லட்சத்துக்கு விற்கும் ஸ்டேஷனரி கடைக்கு நானூறு இருக்கும். வேலை யாரிடம் அதிகம் என்பது எண்ணிக்கையில்தான் தெரியும்.

ஃபீஸைக் காலாண்டு ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள். சொந்தக்காரர்களிடம் முதல் நாளே தொகையைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸோடு முடிந்துவிடும். வழக்கத்துக்கு மேல் வருகிற வேலைக்குத் தனியாக வாங்கத் தயங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22-ல் 12, 28 சதவீத வரி அடுக்குகள் போய், பெரும்பாலான பொருட்கள் 5-க்கும் 18-க்கும் மாறியபோது, ஒவ்வொரு கடையின் பொருள் பட்டியலையும் டேலியில் உட்கார்ந்து மாற்ற வேண்டியிருந்தது. அது மாத ஃபீஸுக்குள் வராத வேலை. பில் போட்டேன், கொடுத்தார்கள்.

எதில் கையெழுத்துப் போடலாம்

பார்ட்டிகள் உங்களை "ஆடிட்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆடிட்டரம்மா" என்று கூப்பிட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். போர்டில் மட்டும் அப்படி எழுதிவிடாதீர்கள். வருமான வரி ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டுக்கு மட்டும்தான். ஆடிட் தேவைப்படும் பார்ட்டி வந்தால் நம்பிக்கையான ஒரு சிஏ-விடம் அனுப்புங்கள், கணக்கு எழுதும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் சேர்ந்த பழைய ஆபீஸுக்குத்தான் இன்றும் அனுப்புகிறேன்.

நீங்கள் முறையாகப் போடக்கூடிய போர்டு, ஜிஎஸ்டி பிராக்டிஷனர். பி.காம், பிபிஏ, சட்டம் போன்ற பட்டம் இருந்தால் ஜிஎஸ்டி தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவு கிடைத்த இரண்டு வருடத்துக்குள் நாசின் என்கிற மத்திய அரசு அகாடமி நடத்தும் தேர்வில் பாஸ் செய்ய வேண்டும், பாதி மதிப்பெண் போதும். அந்த இரண்டு வருடத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். பதிவு கிடைத்தபின், பார்ட்டி தன் கணக்கில் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் உங்கள் லாகினிலிருந்தே வேலை செய்யலாம், அவருடைய பாஸ்வேர்டை வாங்கி வைத்திருக்கும் வம்பு குறையும்.

மேலே படிக்க ஆசை இருந்தால் சிஎம்ஏ என்கிற காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு வேலையோடு ஒத்துவரும். டிகிரி இருந்தால் நேராக இன்டர்மீடியட், ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. சிஏ-வுக்கு ஆர்ட்டிகல்ஷிப் என்று ஆடிட்டரிடம் பயிற்சியில் இரண்டு வருடம் முழுநேரமும் போய்விடும், அதை இந்த வழியோடு கலக்க முடியாது. நான் சிஎம்ஏ இன்டரில் ஒரு குரூப் முடித்தேன், இன்னொன்று அப்படியே நிற்கிறது.

நடுவில் விட்டுப்போனால்

நான் 2016 கடைசியில் வீட்டுக்குப் போனபோது ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரி இருந்தது. 2018-ல் திரும்பி வந்தபோது ஜிஎஸ்டி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பயந்துகொண்டுதான் போனேன். போய்ப் பார்த்தால் பத்து வருட சீனியரும் அதே 3பி-யை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தொழிலில் சட்டம் மாறும்போதெல்லாம் எல்லோரும் ஒன்றாம் வகுப்புக்குத் திரும்புகிறோம். அதனால் இடைவெளி விழுந்தவர்கள் கூச்சப்பட வேண்டாம். பழைய ஆபீஸில் பில் என்ட்ரியை வீட்டுக்கு வாங்கிச் செய்து கொடுங்கள், வவுச்சருக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். மூன்று மாதத்தில் கை திரும்பிவிடும்.

வேலையை எப்போது விடுவது

வெளியிலிருந்து வரும் ஃபீஸ், தொடர்ந்து ஆறு மாதம் உங்கள் சம்பளத்தைத் தொட்ட பிறகு. ஃபீஸ் என்றால் கைக்கு வந்து சேர்ந்த பணம். வரவேண்டிய பாக்கியைச் சேர்க்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் விடாதீர்கள், வருடக் கணக்கு முடிக்கும் நேரத்தில் விட்டுப்போனால் அந்தக் கம்பெனி உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்காது. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வருமான வரி, ஆடிட் சீசன். டிசம்பர் 31 ஜிஎஸ்டி வருட ரிட்டர்ன். ஜனவரிதான் ஆற அமர விடைபெறும் மாதம்.

முழுசாக விட்டே ஆகவேண்டும் என்றும் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போகும் அக்கவுண்டன்ட் போதும் என்கிற கம்பெனிகள் திருப்பூரில் நிறைய உண்டு. நான் விடும்போது எங்கள் ஓனர் அதைத்தான் கேட்டார். இன்றுவரை செவ்வாயும் வெள்ளியும் காலையில் அங்கே போகிறேன், என் பார்ட்டிகளிலேயே ஒழுங்காக ஃபீஸ் கொடுப்பது அந்தக் கம்பெனிதான்.

ஆபீஸுக்கு இடம் பார்க்கும்போது வாடகை குறைவு என்று இரண்டாவது மாடியை எடுக்காதீர்கள். நான் எடுத்து, எட்டு மாதத்தில் காலி செய்தேன். பில் பை தூக்கி வரும் ஹார்டுவேர் கடைக்காரருக்கு 64 வயது. படியேற முடியாமல் கீழேயே நின்று போன் போடுவார்: "அம்மிணி, பையை இங்க டீக்கடையில வெச்சுட்டுப் போறேன், எடுத்துக்க."